சொல் கேளுங்கள்: 'டிஸ்பேர்'

கேள்வி: 'டிஸ்பேர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'விரக்தி' என்று போட்டிருக்கிறது. மதிப்பெண் குறைந்துவிட்டது என்பதைச் சொல்ல 'ஐ ஆம் இன் டிஸ்பேர்' என்று எழுதலாமா?

பதில்: இலக்கணத்தில் பிழை இல்லை, ஆனால் பொருள் அளவுக்கு மீறிப் போகிறது. எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை என்றால் அது ஏமாற்றம்; 'டிஸப்பாயின்டட்' போதும். எத்தனை முறை எழுதினாலும் இனித் தேறப்போவதில்லை என்று மனம் விட்டுப்போனால்தான் அது டிஸ்பேர். சொல்லின் பிறப்பும் இதையே காட்டுகிறது. இலத்தீனில் 'ஸ்பேராரே' என்றால் நம்பி எதிர்பார்த்தல். அதன் முன் 'டே' சேர்ந்தால் அந்த நம்பிக்கை அற்றுப்போதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

'விரக்தி' இன்றைய பேச்சுவழக்கில் ஓரளவு பொருந்தும். ஆனால் வடமொழியில் அதன் பொருள் பற்றின்மை. துறவிக்கு அந்த விரக்தி உண்டு, டிஸ்பேர் இருக்க வேண்டியதில்லை. 'நிராசை'யிலும் இதே சிக்கல்தான்: வடமொழி 'ஆசா'வுக்கு நம்பிக்கை என்ற பொருளும் உண்டு, தமிழில் 'ஆசை' விருப்பமாகிவிட்டதால், நிராசை என்றதும் நிறைவேறாத விருப்பமே நினைவுக்கு வருகிறது. 'அவநம்பிக்கை' ஒருவரையோ ஒன்றையோ நம்பாமல் ஐயுறுவது; அதை இங்கே போடவே கூடாது. மொழிபெயர்ப்பவர்களுக்கு நான் சொல்வது 'நம்பிக்கையிழப்பு'. வாக்கியத்தில் 'நம்பிக்கையற்றுப் போனான்' என்று வினையாக்கினால் இன்னும் இயல்பாக இருக்கும். புறப்பாடல்களின் 'கையறுநிலை' அழகான சொல். ஆனால் அது தலைவன் இறந்தபின் செயலற்றுப் புலம்பும் துறை. இழப்பைப் பற்றிய இடத்தில் மட்டும் அதை எடுத்தாளுங்கள்.

கேள்வி: இதை வினைச்சொல்லாக எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: 'ஆஃப்' சேர்த்து. பலரும் தவறுவது இங்கேதான். 'வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையை இழந்தான்' என்பதில் 'நம்பிக்கையை' என்று இரண்டாம் வேற்றுமை வருவதால், ஆங்கிலத்திலும் வினையை அடுத்து நேராகப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். 'ஹி டிஸ்பேர்ட் ஆஃப் ஃபைண்டிங் எ ஜாப்' என்பதே சரி. 'ஆஃப்' வந்தபின் 'டு ஃபைண்ட்' வராது, 'ஃபைண்டிங்' என்றுதான் வர வேண்டும். ஒரு நிலைமையைக் கண்டு மனம் நொந்தால் 'அட்' வரும்: 'ஷி டிஸ்பேர்ட் அட் த நியூஸ்'. பெயர்ச்சொல்லாக 'இன் டிஸ்பேர்' என்னும்போது நடுவே 'எ' சேர்க்காதீர்கள். பன்மையும் வேண்டாம்.

கேள்வி: 'டெஸ்பரட்' இதே குடும்பமா? எழுத்து ஏன் மாறுகிறது?

பதில்: ஒரே இலத்தீன் வேர்தான். டிஸ்பேரில் 'பி'க்குப் பின் 'ஏ, ஐ, ஆர்'. டெஸ்பரட்டில் 'பி'க்குப் பின் 'இ, ஆர், ஏ'. டிஸ்பேரில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. டெஸ்பரட்டில் அது முதல் அசைக்கு நகர்வதால் நடு உயிர் தேய்ந்து, எந்த எழுத்து என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. அங்கே 'ஏ' போடுவது மிகப் பரவலான பிழை. பொருளும் விலகிவிட்டது: டிஸ்பேரில் இருப்பவர் முயற்சியைக் கைவிட்டவர்; டெஸ்பரட்டாக இருப்பவரோ வேறு வழி தெரியாமல் எதையும் செய்யத் துணிந்தவர். 'டெஸ்பரட் ஃபார் எ ஜாப்' என்பவருக்கு வேலை கிடைத்தே தீர வேண்டும்.

கேள்வி: 'ஹோப்லெஸ்' என்று ஒருவரைச் சொன்னால்?

பதில்: 'ஹி இஸ் ஹோப்லெஸ் அட் மேத்ஸ்' என்றால் அவருக்குக் கணக்கு சுத்தமாக வராது என்றுதான் பொருள். அவர் மனநிலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மனநிலையைச் சொல்ல 'ஹி ஃபீல்ஸ் ஹோப்லெஸ்' என்று எழுதுங்கள்.