கடைகளில் எழுதி வைக்கும் அறிவிப்புகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன?

'கடன் அன்பை முறிக்கும்', 'சரியான சில்லறை கொடு', 'இங்கே உட்காராதே' என்று மூன்றை எடுத்துப் போட்டு, வாடிக்கையாளரிடம் இப்படியா பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிப் பழகியவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது தப்பில்லை. ஆனால் அந்த முதல் பலகை எங்கள் கடையிலும் தொங்கியது, அதனால் பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

அப்பா மதுரை செல்லூரில் மளிகைக்கடை வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் தறி வேலைக்காரர்கள், கூலி சனிக்கிழமைதான் கைக்கு வரும். வியாழன் வெள்ளி ஆகிவிட்டால் "அண்ணாச்சி, எழுதிக்கோங்க" என்று அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிப் போவார்கள். கல்லாவை ஒட்டி நீளமான நோட்டு ஒன்று கிடக்கும். கடன் கொடுக்காமல் அங்கே கடை நடத்தவே முடியாது, பழைய பாக்கி நிற்கும்போது மறுபடி கேட்கிறவருக்கு என்ன சொல்வது என்பதுதான் சிக்கல். அப்பாவுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. ஒரு தடவை எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவரிடம் பாக்கியை ஞாபகப்படுத்திவிட்டார். நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார் என்று கோபித்துக்கொண்டு போனவர், அக்கா கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அதற்கப்புறம்தான் பலகை வந்தது.

பாக்கி வைத்திருப்பவர் வந்து நின்றால் அப்பா வாயே திறக்க மாட்டார், ஒரு தரம் பலகையைப் பார்த்துவிட்டுத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வந்தவரும் "சரி அண்ணாச்சி, சனிக்கிழமை பார்ப்போம்" என்று கிளம்பிவிடுவார். மறுநாள் அதே ஆள் வாசலில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். மறுத்தது பலகைதான் என்று இரண்டு பேருமே வைத்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் என்று யாராவது வந்தால் பலகையைப் பார்க்கிற பேச்சே கிடையாது, நோட்டு வெளியே வந்துவிடும்.

அப்புறம், எழுதிக் கொடுத்த ஆர்ட்டிஸ்ட் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் காசு வாங்கினார். ஒரு முழத் தகரத்தில் 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, தயவுசெய்து' என்றெல்லாம் எங்கே எழுதுவது?

கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, வக்காலத்து வாங்குகிறான் என்று சொல்ல வருவீர்கள். எல்லாப் பலகைக்கும் நான் பேசவில்லை. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினாரே, அந்த மாதிரிப் பலகை கழற்றப்பட வேண்டியதுதான். நான் சொல்வது பத்துக்குப் பத்து கடையில் நாள் பூராவும் நின்று பிழைக்கிறவரைப் பற்றி.

எனக்கு வயிறு எரிவது வேறு பலகையைப் பார்த்து. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் அம்மா எடுத்த சேலை முதல் தண்ணியிலேயே சாயம் போய்விட்டது. பில்லோடு போனோம். ஏசி, வரவேற்பு, குடிக்க மோர், எல்லாம் ஆன பிறகு கல்லாவுக்கு மேலே கைகாட்டினார்கள்: 'விற்ற பொருட்கள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' எவ்வளவு மரியாதையான வாசகம்! ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது செல்லாது. பழுதான பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்று அதிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு அன்றைக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது, பேசாமல் திரும்பி வந்தோம். உங்களுக்கு அப்படி நடந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.