நாலு மணி வெக்கையும் ஆறரை மணி அலாரமும்

வணக்கம் சார்,

ரொம்ப நாளாக எழுத நினைத்து, கடைசியில் கோபத்தில் எழுதுகிறேன். கோபம் உங்கள் மேல் இல்லை. வீட்டில் மூத்தவளுக்கு 14 வயது, சின்னவனுக்கு 7. லீவு விட்ட முதல் வாரமே தூங்கும் நேரம் தாறுமாறாகிவிட்டது. இப்போது இருவரும் இரவு பன்னிரண்டரை வரை முழித்திருக்கிறார்கள், காலை ஒன்பதரைக்கு முன்னால் எழுவதில்லை. பள்ளி திறக்க இன்னும் 12 நாள் இருக்கிறது. திறந்தால் ஆறரைக்கு எழுந்தாக வேண்டும். ஒரு வாரமாக இரவு ஒன்பதுக்கே விளக்கை அணைத்துப் பார்க்கிறேன், இருட்டில் படுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

எங்கள் வீடு மேல்மாடி. தளம் முழுக்க வெயில். மாலை நாலு மணிக்கு லீவு வீட்டுப்பாடத்தை எடுத்தால் ஐந்துக்குள் யாராவது அழுகிறார்கள், சில நாள் நான். கணவர் போனைப் பிடுங்கி வை என்கிறார். அத்தை லீவுதானே, விடு என்கிறார். சின்னவனுக்கு வாய்ப்பாடு சுத்தமாக மறந்துவிட்டது. போன வருஷ ஷூ வேறு போதவில்லை. வீட்டை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

இன்னொன்று. நேற்று சின்னவன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டியதற்கு அக்கம்பக்கத்துக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்கப் போனேன். பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டால் அப்புறம் மதிக்காது என்று அத்தை தடுத்துவிட்டார். கேட்கலாமா, கூடாதா?

ர.

(பெயர் வேண்டாம் என்று எழுதியிருந்ததால் முதலெழுத்து மட்டும்.)

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது, அதற்கு முதலில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனவே உங்கள் கையில் இருப்பது இப்போது 9 நாள்.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. பன்னிரண்டரைக்குப் படுத்து ஒன்பதரைக்கு எழுந்தால் ஒன்பது மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் சங்கம் 2016இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. அதன்படி 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். மூத்தவளுக்குத் தாராளம், சின்னவனுக்கு ஓரளவுக்குச் சரி. ஆக உங்கள் பிள்ளைகளின் தூக்கம் கெட்டுப்போகவில்லை. அது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கும்போது அவர்கள் உடம்புக்கு அது தூங்கும் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். பதினொன்றுக்குத் தூங்குகிற உங்களை ஏழரைக்குப் படுக்கவைத்துக் கண்ணை மூடு என்றால் நீங்களும் சண்டைதான் போடுவீர்கள்.

லீவில் ஏன் நேரம் எப்போதும் பின்னால் பின்னாலேயே போகிறது, ஒரு வீட்டிலாவது பிள்ளைகள் லீவு விட்டதும் அதிகாலையில் எழ ஆரம்பித்ததாகக் கேள்விப்பட்டதில்லையே என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது. 1729இல் பிரான்ஸில் தெ மைரான் என்ற வானியலாளர் ஒரு தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாவிட்டாலும் அது பகல் நேரத்தில் இலையை விரித்து இரவில் மூடியது. உள்ளே ஏதோ கடிகாரம் ஓடுகிறது என்ற எண்ணம் பிற்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தக் கடிகாரத்தின் மரபணு வேலைகளைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. மனிதர்களின் கடிகாரத்தைக் கவனமாக அளந்து 1999இல் ஓர் ஆய்வு வெளியானது, அதில் சராசரி 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. அந்தப் பதினொரு நிமிடத்தில்தான் விஷயம் இருக்கிறது. நாம் சாவி கொடுக்காமல் விட்டால் அது தினமும் கொஞ்சம் தாமதமாகும், முன்னால் ஓடாது. பள்ளி நாட்களில் அலாரமும் காலை வெளிச்சமும் அதைத் தினம் பிடித்து இழுத்து வைத்திருந்தன. லீவில் இரண்டும் போயின, ராத்திரி விளக்கும் போனும் சேர்ந்துகொண்டன. உங்கள் பிள்ளைகள் அடங்காப்பிடாரிகள் ஆகிவிடவில்லை.

அதனால் இரவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தூக்கத்தை யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது, எழுப்புவதை முடியும். காலையைப் பிடியுங்கள். ஒன்பதரையிலிருந்து ஆறரை என்றால் 180 நிமிடம், 9 நாளில் வகுத்தால் நாளுக்கு 20 நிமிடம். நாளை 9.10, மறுநாள் 8.50, இப்படியே. எழுப்பியதும் பல் தேய்த்தார்களா இல்லையா என்பதெல்லாம் அப்புறம், முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், பால்கனியோ வாசலோ மாடியோ, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். காலை வெளிச்சம்தான் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும் விரல். பகலில் தூங்கவிடாதீர்கள், குறிப்பாக மூன்று மணிக்கு மேல். நாலைந்து நாளில் இரவு தானாக முன்னுக்கு நகரும், நீங்கள் விளக்கோடு போராட வேண்டியிருக்காது. மூத்தவளையும் சின்னவனையும் ஒரே நேரத்துக்குப் படுக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். பதின்ம வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதமாகும், அது அவள் திமிர் இல்லை. ஆறரைக்கு எழ வேண்டும் என்றால் அவன் ஒன்பது, ஒன்பதரைக்குள், அவள் பத்து, பத்தரைக்குள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பெரியவள் என்ற மரியாதை.

உங்கள் கணவர் சொல்வதில் சரி இருக்கிறது, வார்த்தையில்தான் தப்பு. 2014இல் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு இரவு வெளிச்சத்தில் பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கு மெலடோனின் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடங்கிப்போனது தெரிந்தது. போனோடு ஹாலின் வெள்ளை ட்யூப்லைட்டும் சேர்த்துத்தான். ஆனால் பிடுங்குவது வேறு, எல்லோர் போனும் எட்டரைக்கு ஒரே இடத்தில் போய் உட்காருவது வேறு. எல்லோர் என்றால் அவருடையதும்தான்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு வருஷம் பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது நானும் வீட்டை வழிக்குக் கொண்டுவரக் கிளம்பினேன். நாலு கலர் பேனா வைத்து ஒரு பெரிய அட்டையில் நேர அட்டவணை, 6.00 எழுதல், 6.15 நடை, அது இது என்று பதினாலு வரி. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன், முதல் வரிக்குப் பக்கத்தில் மகள் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: "அப்பா?" அட்டையை அன்றே கழற்றிவிட்டேன். அதன் பின்பக்கம் காலியாக இருந்ததால் படம் வரைய உபயோகப்பட்டது.

இனி அந்த நாலு மணி. உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அதுதான். கோடையில் சூரியன் உச்சிக்குப் பக்கமாக நிற்பதால் சுவரைவிடத் தளம்தான் அதிகம் வெயில் வாங்கும். கான்கிரீட் அதைக் குடித்துவிட்டு உடனே தராது, சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். அதனால் வெளியே வெயில் தணிய ஆரம்பிக்கும் நேரத்தில்தான் மேல்மாடி வீட்டுக்குள் வெக்கை உச்சத்துக்குப் போகும். அதோடு சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறார், பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதுபோல. நீங்கள், மகள், மகன், அத்தை நாலு பேரும் ஒரே அறையில் வீட்டுப்பாடத்தைச் சுற்றி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தாகம் வேறு. விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துபோவார்கள், அது எரிச்சலாகவும் தலைவலியாகவும்தான் வெளியே வரும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று மட்டும் கேளுங்கள், சின்னவன் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு மிக விரிவாகப் பதில் சொல்லுவான்.

அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் மண்டையில் ஏறாது. அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில், ஒரு கல்வியாண்டின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி பாரன்ஹீட், அதாவது செல்சியஸில் அரை டிகிரியை ஒட்டிக் கூடினால், அந்த ஆண்டின் கற்றல் ஒரு சதவீதம் குறைந்தது. அரை டிகிரிக்கே இப்படி. வீட்டுப்பாடத்தைக் காலை வெளிச்சத்தில் உட்காரும் அந்த நேரத்துக்கு மாற்றிவிடுங்கள், அரை மணி நேரம் போதும். நாலு மணி குளிக்கும் நேரமாக இருக்கட்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர். துவட்டாமல் ஈரத்தோடு ஃபேனுக்கு முன் நிற்கச் சொல்லுங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், நம் உடம்பைக் குளிர வைப்பது அந்த ஆவியாதல்தான். ஒரே ஒரு எச்சரிக்கை, அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, அந்த மாதிரி நாட்களில் வேறு குளிர்ச்சியான இடம் பார்த்துப் போவதுதான் வழி.

ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் காற்று வரட்டும் என்று திறந்து வைப்பவர்கள் வீட்டுக்குள் வருவது காற்று மட்டும் இல்லை. வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே சூடாக இருக்கும்வரை மூடி வையுங்கள், இரவு நன்றாக இறங்கிய பிறகும் விடியற்காலையிலும் விரியத் திறந்து வையுங்கள். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே எதையாவது தொங்கவிடுவது நல்லது, கண்ணாடிக்குள் வந்துவிட்ட வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. இதையெல்லாம் செய்தால் இரவில் தூக்கமும் சீக்கிரம் வரும், தூங்குவதற்கு உடம்பின் உள் வெப்பம் கொஞ்சம் இறங்கியாக வேண்டும், வெக்கையில் அது இறங்க வழி கிடைக்காமல்தான் புரண்டுகொண்டு கிடக்கிறோம்.

வாய்ப்பாட்டை நினைத்துப் பயப்படாதீர்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள், வாசிப்பைவிடக் கணக்கில் அதிகம் என்று 1996இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது, அதை வைத்துத்தான் இன்றுவரை எல்லோரும் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். 2019இல் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர், அந்த இழப்பில் எவ்வளவு உண்மை என்றே கேட்டு எழுதினார். எந்தத் தேர்வை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடுகிறதாம். ஏழு வயதில் மறந்த வாய்ப்பாடு இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடும். அந்த விஷயத்தில் நான் அத்தை கட்சி.

ஷூவுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் மோன்பேயார் என்ற பிரெஞ்சுப் பிரபு தன் மகனை 1759இல் பிறந்ததிலிருந்து 18 வயது வரை விடாமல் அளந்து எழுதி வைத்தார். அதைப் புத்தகத்தில் வெளியிட்ட பூஃபோன் என்ற இயற்கையியலாளர், பையன் குளிர்காலத்தைவிடக் கோடையில் அதிகம் வளர்ந்ததைக் கவனித்துச் சொன்னார். உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுதான் போலிருக்கிறது. புது ஷூவை மாலையில் வாங்குங்கள், வெயில் நாளில் சாயங்காலத்துக்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். இந்த 9 நாளில் தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே சாக்ஸோடு போட்டு நடக்க விடுங்கள், வியர்த்து ஊறிய காலில் புது ஷூ முதல் நாளே கொப்புளம் கிளப்பும்.

மன்னிப்புக் கேட்கலாமா என்ற கேள்விக்கு, கேளுங்கள், இன்றைக்கே. நீளமாக வேண்டாம், "அன்னைக்கு தண்ணி கொட்டினதுக்கு அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது, என் தப்பு" என்றால் போதும். வெயிலைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள், நான் இவ்வளவு நேரம் வெயிலைப் பற்றி எழுதியது உங்களுக்கு, அவனுக்கு இல்லை. அத்தை பயப்படுவதுபோல மரியாதை எங்கேயும் போகாது. ஆனால் நீங்கள் தணிந்து நிற்கும் அந்த நேரம் பார்த்து, அப்படின்னா இன்னைக்கு ஒன்பது மணி வரைக்கும் போன் வெச்சுக்கலாமா என்று கேட்பான். அதற்கு மட்டும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.