விமான நிலைய லவுஞ்ச்களில் எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும்? கார்டு லவுஞ்சும் ஏர்லைன் லவுஞ்சும் ஒன்றா? காசு கொடுத்துப் போகலாமா?

நான் சாப்பிட்டவற்றில் முதலிடம் ஹாங்காங்கில் கேத்தே பசிபிக் நடத்தும் 'தி பியர்' லவுஞ்சுக்கு. அடுத்தது இஸ்தான்புல்லில் இருக்கும் டர்கிஷ் ஏர்லைன்ஸ் லவுஞ்ச். இரண்டுமே ஏர்லைன் தன் பயணிகளுக்காக நடத்தும் ஏர்லைன் லவுஞ்ச்கள்தான். கார்டு லவுஞ்ச் வேறு, அங்கே வங்கிக் கார்டைக் காட்டி உள்ளே போகலாம். ஆனால் ஏர்லைன் நடத்துகிறது என்பதாலேயே சாப்பாடு நன்றாக இருந்துவிடாது. ஏர்லைன் லவுஞ்சில் ஆறிப்போன பாஸ்தாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததும் உண்டு, கார்டைத் தேய்த்துப் போன இடத்தில் முறுகலான தோசை கிடைத்ததும் உண்டு.

உள்ளே நுழைந்ததும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். எங்காவது அடுப்பு எரிகிறதா, அதன் முன்னால் ஒருவர் நின்று நாம் கேட்ட பிறகு செய்து கொடுக்கிறாரா? இருந்தால் நேரே அங்கே போய்விடுவேன். சோபாவும் கண்ணாடிச் சுவரும் அப்புறம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பஃபேயில் வைக்கும் உணவு, கீழே வெந்நீர் ஊற்றிய மூடிப் பாத்திரத்தில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறது. கிருமி பெருகாமல் இருக்க அதை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்வது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சூட்டில் உணவு மெதுவாக வெந்துகொண்டேதான் இருக்கும். மூடியில் படிந்த ஆவி நீராகிச் சொட்டும். வடையும் கட்லெட்டும் நமுத்துப்போகும். நூடுல்ஸ் சாற்றையெல்லாம் உறிஞ்சி ஊதிவிடும். முட்டைப் பொரியல் கெட்டியாகி நீர்விடும். உப்புமா இறுகும், வெண்பொங்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சமைத்தவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இதில் அவர் செய்யக்கூடியது குறைவு.

காத்திருந்தாலும் கெடாத பண்டங்களும் உண்டு. பருப்பு, ராஜ்மா, குருமா, சாம்பார், கெட்டியான சூப் எல்லாம் அந்த வகை. ஜப்பான் ஏர்லைன்ஸின் சகுரா லவுஞ்சில் கிடைக்கும் பீஃப் கறிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். அதைச் சாப்பிடுவதற்காகவே சீக்கிரம் கிளம்பி வருகிறவர்களை எனக்குத் தெரியும். அது ஏன் எந்த நேரம் போனாலும் அப்படியே இருக்கிறது என்று யோசித்தால் புரியும். நெடுநேரம் கொதித்த கெட்டிக் குழம்பு, கூடவே சோறு. இரண்டுமே சூட்டில் காத்திருக்கத் தோதானவை. பஃபே மட்டுமே உள்ள இடத்தில் என்ன வைத்தால் எடுபடும் என்று தெரிந்தவர்கள் போட்ட மெனு அது. ஆக, அடுப்பு இல்லாத லவுஞ்சில் மாட்டிக்கொண்டால் குழம்பு வகையும் சோறும் எடுத்துக்கொள்ளுங்கள். வறுத்தது, பொரித்தது, பாஸ்தா மூன்றையும் விட்டுவிடுங்கள்.

சரி, ஹாங்காங்குக்கு வருகிறேன். தி பியர் லவுஞ்சின் பிசினஸ் பிரிவு 2016-ல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. மரமும் மென்மையான வெளிச்சமுமாக, விமான நிலையம் என்பதே மறந்துபோகும் இடம். அங்கே நூடுல் பார் என்று ஒரு கவுண்டர் இருக்கிறது. வான்டன் (மெல்லிய மாவில் பூரணம் வைத்து மடித்தது) நூடுல்ஸ் கேட்டால் அப்போதுதான் நூடுல்ஸைக் கொதிநீரில் போடுவார்கள். ஹாங்காங் பாணி முட்டை நூடுல்ஸ் நூல் மாதிரி மெல்லியது, வேக ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால்தான் கூட்டம் இருந்தாலும் அவர்களால் கிண்ணம் கிண்ணமாகச் செய்து கொடுக்க முடிகிறது. இறால் வைத்த வான்டன், தெளிந்த சூப், கடித்தால் சற்றே எதிர்க்கும் நூடுல்ஸ். ஊருக்குள் தெருவோரக் கடையில் சாப்பிட்டதற்கு நெருக்கமாக ஒரு லவுஞ்சில் கிடைத்தது எனக்கு அதுதான். எள்ளும் வேர்க்கடலையும் மிளகாய் எண்ணெயும் சேர்ந்த டான் டான் நூடுல்ஸும் அங்கே பிரபலம். நம் நாக்குக்கு அதுதான் முதலில் பிடிக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், சீன சமையலில் சூப்பிலேயே இறைச்சிச் சாறு இருப்பது சகஜம். சாப்பிட்ட பிறகு அதே லவுஞ்சில் தேநீருக்கென்று தனியாக இருக்கும் பகுதியில் போய் உட்காரலாம். தேயிலையைச் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடிக்கும் இடம் அது.

இங்கே போக பிசினஸ் வகுப்பு டிக்கெட் வேண்டும், அல்லது ஒன்வேர்ல்டு என்ற ஏர்லைன் கூட்டணியில், அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் சஃபையர் நிலை இருக்க வேண்டும். வங்கிக் கார்டு செல்லாது.

இஸ்தான்புல்லைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, முக்கியமாகச் சைவக்காரர்களுக்காக. 2019 ஏப்ரலில் டர்கிஷ் ஏர்லைன்ஸ் புது விமான நிலையத்துக்கு முழுமையாக மாறியபோது லவுஞ்சும் புதிதாக வந்தது. பிசினஸ் வகுப்புக்கு ஒன்று, மைல்ஸ் கணக்கில் மேல்நிலை அடைந்தவர்களுக்கு ஒன்று. உணவைக் கவனிப்பது டூ அண்ட் கோ என்ற ஆஸ்திரிய நிறுவனமும் ஏர்லைனும் சேர்ந்து நடத்தும் நிறுவனம். உள்ளே ஒரு மூலையில் மாவைக் கையால் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கோஸ்லேமே என்ற பண்டம் அது. மாவைத் துணி மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே கீரையும் வெள்ளைச் சீஸுமோ உருளைக்கிழங்கோ வைத்து மடித்து, இரும்புத் தகட்டில் போட்டு எடுப்பார்கள். எண்ணெய் அதிகம் கிடையாது. கையில் வாங்கும்போது ஆவி பறக்கும். பக்கத்திலேயே பிடே என்ற படகு வடிவ ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வரும்.

அம்மா சுத்த சைவம். வெளிநாட்டுப் பயணத்தில் அவருக்குப் பெரும்பாலும் பழமும் ரொட்டியும்தான் வாய்க்கும். இந்த லவுஞ்சுக்கு அழைத்துப் போன அன்று அவர் கோஸ்லேமே, ஆலிவ், வெள்ளரி, தக்காளி, தயிர் என்று தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வயிறார உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து யார் கேட்டாலும் அந்த வழியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மசூர் பருப்பில் செய்யும் மெர்ஜிமெக் சூப் ஒன்று உண்டு, எலுமிச்சை பிழிந்து குடிக்க வேண்டும். அதிலும் எந்தச் சாறு சேர்த்தார்கள் என்று கேட்டுவிட்டே அம்மாவுக்குக் கொடுத்தேன். கடைசியில் சின்னக் கண்ணாடிக் குவளையில் பால் சேர்க்காத தேநீர். சென்னையிலிருந்து அந்த ஏர்லைன் பறப்பதில்லை, தில்லியோ மும்பையோ போய்த்தான் ஏற வேண்டும். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ பெற்றோரைப் பிசினஸ் வகுப்பில் அழைத்துப் போகும் வசதி இருந்தால் அந்தச் சுற்றுக்குப் பலன் உண்டு.

தோஹாவில் கத்தார் ஏர்வேஸின் அல் முர்ஜான் லவுஞ்ச் ஏறக்குறைய 10,000 சதுர மீட்டர். நடந்தே களைத்துவிடலாம். அங்கே நான் நேரே அரபு மெஸே, அதாவது சிறு சிறு தட்டுகளில் வைக்கும் பண்டங்கள் பக்கம்தான் போவேன். ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), முதப்பல் (சுட்ட கத்தரிக்காய் விழுது), தபூலே (பார்ஸ்லி கீரை சாலட்), பிடா ரொட்டி. ரொட்டியைத் தவிர இவையெல்லாம் குளிர்ச்சியாகவே வைக்க வேண்டியவை என்பதால் காத்திருந்து கெடும் பிரச்சினையே இல்லை, சைவக்காரர்களுக்கும் கவலை இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்த ஏர்லைனில் 'லைட்' என்ற மலிவு பிசினஸ் கட்டணம் உண்டு. அதில் லவுஞ்ச் சேராது. டிக்கெட் எடுக்கும்போதே எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சில்வர்கிரிஸ் லவுஞ்சில் லக்ஸா கிடைத்தால் அதையே வாங்குங்கள். தேங்காய்ப் பாலில் செய்த குழம்பும் நூடுல்ஸும் சேர்ந்தது, அந்தக் குழம்பைக் காத்திருப்பு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் லக்ஸா மசாலாவில் உலர் இறால் அரைத்துச் சேர்ப்பது வழக்கம், மீன் துண்டு கண்ணில் படவில்லை என்பதற்காகச் சைவம் என்று எடுத்துவிடாதீர்கள். டோக்கியோவில் ஏஎன்ஏ என்ற ஜப்பானிய ஏர்லைனின் லவுஞ்சில் நூடுல் கவுண்டர் இருக்கிறது, உடோன், சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸ் வகைகளைக் கேட்டால் செய்து தருவார்கள். சைவம் என்று பார்த்தால் அங்கும் சாறு மீனிலிருந்து எடுத்ததாகவே இருக்கும்.

இப்போது கார்டு லவுஞ்ச்கள். நம்மில் பெரும்பாலோர் போவது இங்கேதான் என்பதால் அதன் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. நாம் கார்டைத் தேய்க்கும்போது நம் கணக்கில் சில்லறைத் தொகைதான் போகும். வங்கியோ கார்டு நிறுவனமோ ஒவ்வொரு தலைக்கும் ஒப்பந்தத்தில் பேசிய தொகையை லவுஞ்ச் நடத்துகிறவருக்குக் கொடுக்கும். விமான நிலையத்துக்குக் கட்டும் வாடகை, ஆள் சம்பளம், உணவு எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும். நீங்கள் அதிகம் சாப்பிட்டால் அவருக்கு லாபம் குறையும். ஏர்லைனுக்கோ அப்படி இல்லை. லவுஞ்ச் பிடித்துப்போனால் அடுத்த முறையும் அதே ஏர்லைனில் டிக்கெட் எடுப்பீர்கள், அதற்காகவே அது சாப்பாட்டில் செலவு செய்யும். இந்த வேறுபாடு தட்டில் தெரிகிறது. மாவும் சோறும் மலிவு என்பதால் கார்டு லவுஞ்ச் பஃபேயில் அவையே நிறைந்திருக்கும்.

லவுஞ்ச் என்ற ஏற்பாடு தொடங்கியபோது இப்படி இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939-ல் நியூயார்க்கின் லகார்டியாவில் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் முதல் ஏர்லைன் லவுஞ்ச். ஏர்லைன் அழைத்தவர்கள் மட்டும் போன இடம் அது. 1992-ல் பல லவுஞ்ச்களுக்கு ஒரே அட்டையில் நுழைவு தரும் பிரையாரிட்டி பாஸ் வந்தபிறகு எந்த ஏர்லைனில் போனாலும் உள்ளே போகலாம் என்றாயிற்று. 1998-ல் பிளாசா பிரீமியம் என்ற நிறுவனம் வந்தது, ஏர்லைன் சாராமல் லவுஞ்ச் நடத்துவதே ஒரு தொழிலானது. எகானமியில் போகிறவரும் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது நல்ல மாற்றம்தான், அதை நான் மனதார வரவேற்கிறேன்.

நம் ஊரில் கார்டு எல்லோர் கையிலும் வந்தபிறகு காலை ஆறிலிருந்து ஒன்பது மணிவரை வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. ஒரு பெரிய விமான நிலையத்தில் அப்படி நின்று உள்ளே போனபோது இட்லிப் பாத்திரம் காலி, சட்னி தீர்ந்துவிட்டது, தட்டு கழுவி வரவில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இப்போது பல வங்கிகள் முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று நிபந்தனை வைத்துவிட்டன. வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வயதானவர்களை அழைத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்புவது வருத்தமான விஷயம்.

அத்தகைய இடங்களில் தோசைக்கோ ஆம்லெட்டுக்கோ தனிக் கவுண்டர் இருந்தால் வரிசையில் நின்றாவது அதை வாங்குங்கள். இல்லையென்றால் பணியாளரிடம் "தம்பி, அடுத்த பாத்திரம் எப்போ வரும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். பத்து நிமிடம் பொறுத்து, வந்த உடனே எடுத்த இட்லியும் சாம்பாரும் குறையில்லாத காலை உணவு.

கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று. இரவு விமானம் என்றால் தரையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். விமானத்தில் தருவது முன்பே சமைத்துக் குளிரவைத்து மேலே சூடாக்கிய உணவு. அதுபோக, அங்கே காற்றில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும், மூக்கு உலர்ந்து வாசனை பிடிபடாது. காற்றழுத்தமும் குறைவு. லுஃப்தான்சா ஜெர்மனியின் பிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து, குறைந்த அழுத்தத்தில் வைத்த விமானக் கூட்டுக்குள் ஆட்களை உட்காரவைத்துச் சுவை பார்க்கச் சொன்னது. உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிப்போவது அதில் தெரிந்தது. லவுஞ்சில் உண்ணும் அதே குழம்பு மேலே போனால் சப்பென்று இருக்கும். கீழே வயிறாரச் சாப்பிட்டு, ஏறியதும் தூங்கிவிட்டால் காலையில் உடம்பு சுகமாக இருக்கும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு: அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் சென்சூரியன் லவுஞ்ச்கள் 2013-ல் லாஸ் வேகஸில் தொடங்கியவை. பெயர்பெற்ற சமையல்காரர்களைக் கொண்டு மெனு அமைப்பது அவர்கள் வழக்கம், உணவு நன்றாகவே இருக்கும். அங்கும் ஆஸ்திரேலியாவிலும் சில விமான நிலையங்களில் பிரையாரிட்டி பாஸைக் காட்டினால் உணவகத்தில் பில்லில் ஒரு தொகையைக் கழிப்பார்கள். உங்கள் வங்கி தரும் பாஸில் அந்தச் சலுகை உண்டா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் லவுஞ்சைவிட அதுவே மேல், சமையலறையிலிருந்து சுடச்சுட வரும்.

கையிலிருந்து காசு கொடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்கு மேல், குளிக்க வேண்டும், குழந்தையோ வயதானவரோ கூட இருக்கிறார் என்றால் கொடுக்கலாம். சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தக் காசில் பாதிக்கு வெளியே உணவகத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடலாம், சிங்கப்பூர் மாதிரி இடத்தில் அந்தச் சாப்பாடே நன்றாக இருக்கும்.