போதையும் குற்றமும் பற்றிய அமெரிக்க ஆவணப்படங்களில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

ஒன்றே ஒன்று என்றால் 'லைஃப் ஆஃப் கிரைம் 1984–2020'. ஜான் ஆல்பர்ட் எடுத்தது, 2021இல் எச்பிஓ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்து சும்மா போட்டுப் பார்த்தேன். அன்றைக்குத் தூக்கம் போச்சு.

நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவார்க் நகரம். ஆலைகள் மூடி, வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போய், 1967 கலவரத்தையும் பார்த்து ஓய்ந்த ஊர். அங்கே கடைகளில் திருடி, அதை விற்ற காசில் ஹெராயின் ஏற்றிக்கொள்ளும் இரண்டு ஆண்கள், ஒரு பெண். ஆல்பர்ட் கேமராவோடு அவர்கள் பின்னாலேயே போகிறார், திருடப் போகும்போதும்.

எனக்கு உறுத்தியதும் அதுதான். ஒருத்தன் கண்ணெதிரே அழிகிறான், நீ படம்பிடித்துக்கொண்டு நிற்பாயா? இதே ஆட்களைப் பற்றி அவர் எடுத்த முதல் பாகம் 1989இல் வந்தபோதே பார்த்திருந்தால் திட்டிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் இந்த மனிதர் காட்சி கிடைத்தது போதும் என்று கிளம்பிவிடவில்லை. 1998இல் இரண்டாம் பாகம், அதற்கப்புறமும் அதே வீடுகளுக்குப் போகிறார். சிறை, விடுதலை, திரும்ப ஊசி, திரும்பச் சிறை. வருஷம் ஏற ஏற கேமரா நல்லதாகிக்கொண்டே வருகிறது, அதில் தெரியும் முகங்கள் தேய்ந்துகொண்டே போகின்றன. அப்பா அம்மாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் பெரியவர்களாகி வந்து நிற்கிறார்கள்.

ஆண்கள் இருவரும் முன்பே இறந்துபோகிறார்கள். அந்தப் பெண் மட்டும் மீண்டு, பத்து வருஷத்துக்கும் மேலாகப் போதையைத் தொடாமல், மீளப் பார்க்கிற மற்றவர்களுக்கும் துணையாக நிற்கிறார். 'அப்பாடா, ஒருத்தராவது' என்று சாய்ந்து உட்கார்ந்தேன். 2020இல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியபோது அவர் திரும்பவும் வழுக்கி விழுந்தார். அத்தோடு அவரும் இல்லை. படத்தின் பெயரில் 2020 ஏன் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இவ்வளவு கனம் வேண்டாம் என்றால் நெட்ஃபிளிக்ஸில் 39 நிமிடப் படம் ஒன்று உண்டு, 2017இல் வந்தது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஹெராயின் என்றும் ஹீரோயின் என்றும் படிக்கும்படி 'Heroin(e)' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ஹண்டிங்டன் ஊரில் தீயணைப்பு அதிகாரி, நீதிபதி, தெருவில் நிற்கும் பெண்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர் என்று மூன்று பெண்களின் கதை. எடுத்த எலெய்ன் மக்மில்லியன் ஷெல்டனும் அதே மாநிலத்துக்காரர்.

முதல் படத்தைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். ஊசி ஏற்றுவதை எல்லாம் மறைக்காமல் காட்டுகிறார்கள்.