உறுமலுக்கு ஞானஸ்நானம் உண்டா?

கேள்வி: என் அறைத்தோழனுக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. ஆனால் கிறிஸ்தவ மெட்டல் குழுக்களின் பாட்டை (கிடார் இரைச்சலும் உறுமலுமான ராக் இசை) ராத்திரி பகலாகக் கேட்கிறான். எங்கள் சபைப் பெரியவரோ அது சாத்தானின் சத்தம் என்கிறார். நம்பாதவன் அதைக் கேட்பது போலித்தனம்தானே?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கோயில் கொடையில் மகுட மேளம் அடிக்கும்போது உங்கள் கால் தானாக ஆடியிருக்குமே, அப்போது 'சுடலைமாடனை நம்புகிறாயா' என்று காலிடம் கேட்டீர்களா?

பெரியவரின் கோபம் புதிதில்லை. ஸ்ட்ரைப்பர் என்ற கலிபோர்னியாக் குழு, ஏசாயா 53:5-இல் வரும் 'தழும்புகளால் குணமாகிறோம்' என்ற வசனத்தோடு (ஆங்கிலத்தில் அந்தத் தழும்பு 'ஸ்ட்ரைப்ஸ்') தன் பெயரை முடிந்துவைத்துக்கொண்டு, குளவி மாதிரி மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டு மேடையேறி, கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டை வீசியெறிந்தது. சாத்தானை நரகத்துக்கே விரட்டும் தலைப்போடு 1986-இல் அவர்கள் போட்ட ஆல்பம் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அப்படியும் பிரசங்கிகள் திட்டினார்கள். மெட்டல் ரசிகர்களில் பலர் கேலி செய்தார்கள். இரண்டு பக்கமும் அடி, மத்தளம் மாதிரி.

இன்னும் வேடிக்கை 1994-இல் நடந்தது. நார்வேயில் தேவாலயங்களுக்குத் தீ வைத்தவர்களோடு பேர் கெட்டுப்போன பிளாக் மெட்டல் பாணியை, அதே இரைச்சலும் அதே கீச்சுக் குரலுமாக எடுத்து, ஆஸ்திரேலிய டிரம்மர் ஜேசன் ஷெர்லாக் 'ஹோர்ட்' என்ற பெயரில் தனி ஆளாகக் கிறிஸ்தவ வரிகளோடு ஓர் ஆல்பம் போட்டார். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காவிட்டால் யார் எந்தக் கட்சி என்று உங்கள் பெரியவராலும் சொல்ல முடியாது.

நம்ம ஊரிலும் நடந்ததுதான். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-இல் கிறிஸ்தவரானார், ஆனால் 1894-இல் வந்த அவருடைய கிறிஸ்தவக் காப்பியமான 'இரட்சணிய யாத்திரிக'த்தில் கம்பனின் நடை அப்படியே கேட்கிறது. ஆள் மதம் மாறினார், காது மாறவில்லை. அதை ரசிக்க நீங்கள் ராமபக்தராகவோ கிறிஸ்தவராகவோ இருக்க வேண்டுமா என்ன?

சரி, உங்கள் தோழனுக்கு இரைச்சல் மட்டும்தான் பிடிக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். பைபிளில் சங்கீதம் 88-ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆறுதலாக ஒரு வரி கிடையாது, இருட்டிலேயே முடிகிறது. அதை ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தில் இனிமையாகப் பாடினால் ஒட்டாது, தொண்டை கிழிய ஒருவன் கத்தினால் ஒட்டும். கடவுள் இல்லை என்பவனுக்கும் தூக்கம் வராத ராத்திரிகள் உண்டு, அப்போது அவனுக்குத் தேவைப்படுவது அந்தக் கத்தல்தான், யாரைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்பது அப்புறம். (இந்த வகைக் குழுக்கள் எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்லவில்லை. நான் கேட்டதில் பாதி, கிடார் வைத்த பிரசங்கம்.)

எனக்கென்னவோ உங்களை உறுத்துவது அவன் நம்பாமல் கேட்பதில்லை, நம்பும் உங்களால் கேட்க முடியாமல் இருப்பதுதான். இன்று ராத்திரி அவனிடம் ஒரு பக்க இயர்போனை வாங்கிக் காதில் வையுங்கள். பெரியவரிடம் நான் சொல்ல மாட்டேன்.