கூட நடத்தும் அக்கா மௌனத்தைக் கலைத்துவிடுகிறாரா?

மூதூரில் கணவனை இழந்த பெண்கள் மனம்விட்டுப் பேசும் குழுவை இரண்டு பேராக நடத்துகிறீர்கள். யாராவது அழத் தொடங்கினால் உங்களோடு நடத்தும் அக்கா உடனே ஆறுதல் சொல்லிவிடுகிறார். மூத்தவர் என்பதால் சொல்ல வாய் வரவில்லை என்கிறீர்கள்.

திருகோணமலை டவுனில் என்னோடு குழு நடத்தியவரும் இப்படித்தான். ஒரு அம்மா 2004 சுனாமியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். இவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினார். போச்சு, சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிட்டது.

முதலில் கதிரையை மாற்றுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல், வட்டத்தில் எதிரெதிரே இருந்தால் 'கொஞ்சம் பொறுங்கோ' என்பதைக் கண்ணாலேயே சொல்லலாம். முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் பிளேன்டீயோடு பதினைந்து நிமிடம் இருங்கள். 'குறுக்கிட்டீர்கள்' என்று தொடங்கினால் கதை முடிந்தது. 'அவர் அழுதபோது உங்களுக்கு எப்படி இருந்தது, அக்கா?' என்று கேளுங்கள். நம்மால் தாங்க முடியாததைத்தான் பெரும்பாலும் ஆறுதல் சொல்லி மூடுகிறோம், நானும்தான்.

குழுவுக்கு முன்னால் திருத்த வேண்டாம். அப்புறமும் சரிவராவிட்டால் மேற்பார்வையாளரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். தனியாகப் போனால் கோள் சொன்னதாகிவிடும்.