மெரியன் மைதானத்தை வடிவமைத்தது யார்?

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மெரியன் கோல்ஃப் மைதானத்தை வடிவமைத்த ஹியூ வில்சன், 1910-இல் பிரிட்டன் சென்று, ஏழு மாதம் அங்குள்ள மைதானங்களை ஆராய்ந்து திரும்பிய பிறகே வேலையைத் தொடங்கினார் என்று படித்திருக்கிறேன். அப்படியொரு பயணமே நடக்கவில்லை என்கிறார் நண்பர். எது சரி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பயணம் நடந்தது உண்மை, ஆனால் 1910-இல் அல்ல, 1912-இல். காப்பீட்டுத் தொழிலில் இருந்த வில்சனுக்கு அதற்கு முன் மைதானம் அமைத்த அனுபவம் கிடையாது. அப்படிப்பட்டவர் முதல் முயற்சியிலேயே இவ்வளவு தேர்ந்த ஒன்றை எப்படி உருவாக்கினார் என்ற கேள்விக்கு வசதியான விடையாக இருந்ததால், அந்த ஏழு மாதக் கதை பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சேறியது. பிற்கால ஆய்வாளர்கள் அட்லாண்டிக்கைக் கடந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல்களைப் புரட்டியபோது, அவர் பயணம் செய்தது 1912-இன் முற்பகுதியில் என்று தெரியவந்தது. மெரியனின் கிழக்கு மைதானத்தில் (நாம் பேசுவது இதைப் பற்றித்தான்) புல் விதைத்ததோ 1911 செப்டம்பரில். ஆக, அவர் கப்பல் ஏறும் முன்பே குழிகளின், அதாவது பந்தடித்துச் செல்லும் தனித்தனித் தடங்களின், அமைப்பு தரையில் முடிவாகிவிட்டது.

வில்சன் இதை மறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் மைதானத்தை அமைத்த சார்லஸ் மெக்டொனால்டுடன், மெரியன் கிளப்பின் மைதானம் அமைக்கும் பொறுப்பிலிருந்த தம் குழுவினர் இரண்டு நாள் தங்கி, முதல் நாள் இரவு வரைபடங்களையும் மறுநாள் மைதானத்தையும் பார்த்துப் பாடம் கற்றதையும், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மைதானங்களைப் பின்னரே தாம் கண்டதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். கதையை எழுதியவர்கள் அதை ஊன்றிப் படிக்கவில்லை.

அப்படியானால் வடிவமைத்தவர் மெக்டொனால்டா? அவருடைய மருமகன் விக்ஹாம், 1939-இல் மெக்டொனால்டைப் பற்றி எழுதிய புகழுரையில், அவர் சார்பாக அவ்வாறே உரிமை கொண்டாடினார். ஆனால் கிளப்பின் 1911 ஏப்ரல் நடவடிக்கைக் குறிப்பு வேறு விதமாகச் சொல்கிறது: குழுவினர் நேஷனலிலிருந்து திரும்பி ஐந்து வெவ்வேறு திட்டங்களை வகுத்தார்கள்; மெக்டொனால்டும் விக்ஹாமும் நேரில் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்து, அவற்றுள் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து எழுதிய புகழுரையைவிட, வேலை நடந்த மாதத்திலேயே பதிவான குறிப்புக்குத்தான் நான் கூடுதல் மதிப்பளிப்பேன். திட்டம் வில்சன் குழுவினுடையது. ஆலோசனையும் இறுதித் தேர்வில் பங்கும் மெக்டொனால்டுடையவை.

கேள்வி: இன்று அங்கே ஆடுபவர்கள் 1912-ஆம் ஆண்டின் மைதானத்திலா ஆடுகிறார்கள்?
– அதே வாசகர்

பதில்: முழுவதும் அல்ல. தொடக்கத்தில் பத்தாவது குழியின் கிரீன் (தடத்தின் முடிவில் பந்து விழும் துளையைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை) ஆர்ட்மோர் சாலைக்கு அப்பால் இருந்ததால், பந்தைச் சாலைக்கு மேலாக அடிக்க வேண்டியிருந்தது. சாலையில் போக்குவரத்து பெருகவே, 1920-களில் அந்தக் குழியும் அதையடுத்த சிலவும் திருத்தியமைக்கப்பட்டன. இத்தகைய மாற்றங்களைக் கண்டறிய எழுத்துச் சான்றைவிட வான்வழிப் படங்களே உதவும். டாலின் என்ற பிலடெல்பியா நிறுவனம் 1924 முதல் எடுத்த படங்கள் டெலவேரின் ஹாக்லி நூலகத்தில் உள்ளன. ஒரே குழியின் வெவ்வேறு ஆண்டுப் படங்களை அடுத்தடுத்து வைத்தால், எந்த மணற்குழி எப்போது முளைத்தது, எது தூர்ந்தது என்பது தெரிந்துவிடும். 1924-க்கு முந்தைய நிலைக்கு, தரையில் நின்று எடுத்த பழைய படங்களையும் அக்கால நாளேடுகளையும்தான் நாட வேண்டும்.